அத்தை தேய்த்த அலுமினியத் தகடுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். அடுப்பில் பால் பொங்கும், இல்லையென்றால் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். அதையே சாக்காக வைத்து எழுந்துவிடுவேன். உண்மையான தயக்கம் வேறு. நான் கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறவள். நெற்றியில் அம்மன் கோயில் புற்றுமண் இடாமல் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்படிப்பட்டவளே இதை எழுதினால் சாமியைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். பத்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கு உலோகத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்ற கூச்சம் அதற்கும் மேலே.

ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்தில் கண் அசரும்போது அந்தக் காட்சி வந்துவிடுகிறது. பழைய பிளாஸ்டிக் வாளி நிறைய புளித்தண்ணீர். அதற்குள் குத்துவிளக்கின் தண்டு, தூபக்கால், மணி. அவற்றுக்கு நடுவே, குளத்து அடியில் கிடக்கும் மீன்களைப் போல, வெள்ளையாகச் சில தகடுகள். அத்தை குனிந்து ஒரு கைப்பிடிக் கல்லுப்பை அள்ளிப் போடுகிறார். உப்பு மெதுவாக இறங்கித் தகடுகளின் மேல் உட்காருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நான் கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தேன். அத்தை பிற்பாடு பலமுறை சொல்லக் கேட்டுக் கேட்டு, என் கண்ணே பார்த்ததாக நம்பத் தொடங்கிவிட்டது.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. அவருடைய கடைசிப் பெண், என் நாத்தனார், அப்போது இன்ஜினியரிங் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காலையில் பஸ் ஏறிப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வருவாள். அவள் படிப்பு என்னவென்று தெருவில் யாராவது கேட்டால் அத்தை, "என்னத்தையோ ஒட்டுதா, பொறவு ஒடிக்கா. அதுக்கு ஒரு படிப்பு" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நாத்தனாரும் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகத்தில் ஒன்று தங்கி நிற்கும். கல்யாணத்துக்கு வந்த ஜாதகங்களை எல்லாம் அவள் தள்ளிப்போட்டது அத்தைக்கு ஆறாத மனக்குறை. தாயும் மகளும் சண்டை போட்டதில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவள் ஒட்டியதும் ஒடித்ததும் என்ன என்பதை எனக்கு அவள்தான் சொன்னாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கூடவே நின்று சொல்லுவாள். அலுமினியத் தகடுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்து இறுக்கிக்கொள்வார்களாம். அந்த இரண்டும் சேருகிற கோட்டின் மேல், வேகமாகச் சுற்றுகிற கெட்டியான ஓர் இரும்பு முளையை அழுத்தி, அப்படியே நகர்த்திக்கொண்டு போவார்களாம். தீப்பொறி கிடையாது, புகை கிடையாது, பற்றவைக்கிற கம்பி கிடையாது. உரசுகிற சூட்டில் அலுமினியம் இளகும். ஆனால் உருகாது. இளகினதை அந்த முளை கிளறிக்கொண்டே போகும். இந்தப் பக்கத்து உலோகம் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்தது இந்தப் பக்கமும் போய்க் கலந்து, ஆறினால் ஒரே தகடு. "அல்வா கிண்டுத மாதிரி வச்சிக்கிடுங்க மைனி" என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, நான் இந்த வீட்டுக்கு வாழ வந்ததை நினைத்தேன். உருகி ஓடாமல், இளகி மட்டும் சேர்வது என்பது எவ்வளவு நல்ல காரியம் என்று தோன்றியது.

ஒட்டினால் மட்டும் போதாது. அது எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒட்டின தகட்டை இடுப்புச் சிறுத்த துண்டுகளாக வெட்டி வருவாள். பார்க்க உடுக்கையைத் தட்டையாக்கின மாதிரி இருக்கும். அத்தை அதற்கு 'உடுக்கைத் தகடு' என்றே பேர் வைத்திருந்தார். அந்தத் துண்டை ஒரு மிஷினில் மாட்டி, ஒடியாத அளவுக்குக் கொஞ்சமாக இழுத்து விடுவார்கள். மறுபடி இழுப்பு, மறுபடி விடுதல். லட்சக்கணக்கான தடவை. ஒரே இழுப்பில் ஒடியாதது, ஓயாத சின்ன இழுப்பில் ஒரு நாள் ஒடியும். "உலோகத்துக்கும் அசதி வரும் மைனி. மனுசங்க மாதிரிதான். பெரிய சுமை ஒண்ணும் வேண்டாம். சின்னச் சுமையே ஓயாம வந்தா போதும்" என்பாள்.

ஆடி மாதம் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறினதும் நாங்கள் கோயிலைச் சுற்றப் போவோம். வேண்டிக்கொண்ட சுற்று முடிகிற வரைக்கும் கால் நிற்காது. முதலில் பேச்சும் சிரிப்புமாகப் போகும். பிறகு பேச்சு நிற்கும். பிறகு முன்னால் போகிறவளின் குதிகால் மட்டும் தெரியும். கல் சுடுகிறதா குளிர்கிறதா என்பதுகூட மறந்து, நாம் நடக்கிறோமா மதில்தான் நம்மைத் தாண்டிப் போகிறதா என்று மயக்கமாக இருக்கும். சுற்றுகிறவர்களின் கால்வலியை எல்லாம் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மன் தன் காலில் வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. நான் அதை மனசார நம்புகிறவள். நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவள் கேலி செய்யவில்லை. "என் தகட்டுக்கு அப்படி வாங்கிக்கிட ஆள் இல்லையே மைனி. வர்றத அதுவேதான் தாங்கணும்" என்றாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், அத்தை ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். "ஏட்டி, எல்லாரும் பொஸ்தகம் வைக்காவ. நீ உன் உடுக்கைத் தகடையும் கொண்டாந்து சாமி முன்னால வையி. அதுவும் படிப்புதானே" என்றாராம். இதை எனக்குச் சொன்னவள் நாத்தனார். அவள் படிப்பைப் படிப்பு என்று அவள் அம்மா சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று மாலையே கல்லூரியிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்துவிட்டாள். மிச்சம் இருந்த துண்டுகள் அவ்வளவுதான். வெளியூரில் கெஞ்சிக் கேட்டு ஒட்டி வாங்கினது. அந்த ஒட்டுகிற மிஷினில் மறுபடி இவளுக்கு முறை வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அவள் ஆராய்ச்சிக்கான கெடுவோ முடியப்போகிறது. ஒவ்வொரு துண்டையும் கண்ணாடி மாதிரி இழைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, தனித்தனித் தாளில் சுற்றி வைத்திருந்தாள். "யம்மா, இதுல கை படக்கூடாது. பெட்டியோட அப்படியே வச்சிரு" என்று சொல்லிவிட்டு, அலுப்பில் சீக்கிரமே படுத்துவிட்டாள்.

அத்தை அதைக் காதில் வாங்கத்தான் செய்தார். ஆனால் பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது விரலில் எண்ணெய் ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பொருளை அம்மன் முன்னால் வைக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. விளக்குகள் ஏற்கெனவே புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. தகடுகளையும் அதிலேயே போட்டார். விளக்கு துலக்க உப்புப் போடுவது வழக்கம், போட்டார். விடிகாலையில் எடுத்துப் பார்த்தால் தகடுகள் மங்கிப்போய் இருந்தன. மகளின் பொருள் மங்கலாகலாமா? தேங்காய் நாரை எடுத்து, ஒவ்வொன்றையும் கை வலிக்க வலிக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். சந்தனம், குங்குமம், நடுவில் புற்றுமண்ணால் ஒரு கீற்று. தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கிவிட்டார்.

நான் பூஜை நாள் காலையில் அம்மா வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. நாத்தனார் குளித்துவிட்டு வந்து, கூடத்தில் அப்படியே நின்றாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அத்தை சாம்பிராணிப் புகையை விசிறிக்கொண்டே, "எப்படி மின்னுது பாத்தியா? எண்ணெயும் பிசுக்குமா வச்சிருந்தே. விளக்கோட ஊறப்போட்டு, நாரு வச்சித் தேச்சேன். கை அத்துப்போச்சு போ" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. நாத்தனார், "நல்லா இருக்கும்மா" என்றாள்.

சாமி முன்னால் வைத்த ஏட்டை மறுநாள் காலையில் பிரித்தெடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. அது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். அன்று முழுவதும் அவள் அந்தத் தாம்பாளத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, "இதுதான் உம்ம மக படிப்பா ஆச்சி? வெள்ளி கணக்கால்லா இருக்கு" என்று அத்தையிடம் சொல்லிப் போனார்கள். விளக்கின் சுடர் ஒவ்வொரு தகட்டிலும் தனித்தனியாக ஆடியது. உடனே எடுத்துக் கழுவினால் கொஞ்சம் தப்பிக்கும், ஒவ்வொரு நிமிஷமும் உப்பு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எழுந்து ஒரு கை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. அன்றைய நாள் ஏதோ கனவுக்குள் நடப்பதுபோல மெதுவாகப் போயிற்று.

மறுநாள் தகடுகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்த தகடு, கண்ணாடி வழியே அம்மைத் தழும்பு விழுந்த கன்னம் மாதிரி இருந்தது. தழும்புகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் நாரின் கீறல். "பித்தளையும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணில கெடந்தா, பித்தளைக்கு ஒண்ணும் ஆகாது மைனி. அலுமினியத்தத் தின்னுரும்" என்றாள். கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "அம்மாட்ட சொல்லிராதீங்க. இத்தன வருசம் கழிச்சி இப்பத்தான் ஏங்கூட வந்து நின்னிருக்கா" என்றாள். நான் சரி என்றேன்.

இரண்டு மூன்று நாள் நாங்கள் அவற்றை மாடியில் உட்கார்ந்து இழைத்தோம். ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, முரட்டுத் தேய்ப்புத்தாளில் தொடங்கி மிருதுவான தாள் வரை. "நீளவாக்குலயே தேயுங்க. குறுக்க ஒரு கோடு விழுந்தா அதப் பிடிச்சிக்கிட்டே விரிசல் கெளம்பிரும்" என்று சொல்லித்தந்தாள். தாள் உரசுகிற சத்தம், எங்கோ ஒரு கோழி, வெயிலில் மாறிக்கொண்டே போகிற எங்கள் நிழல். என் வாழ்க்கையிலேயே அமைதியான நாட்களைச் சொல்லச் சொன்னால் நான் அவற்றைத்தான் சொல்வேன். ஆனால் சில குழிகள் ஆழமாகப் போய்விட்டன. அவை போகிற வரைக்கும் இழைத்தால் தகடே மெலிந்துவிடும். அவளுடைய சார், "இதையெல்லாம் கணக்கில் சேர்க்காதே, விட்டுவிடு" என்றாராம். விட்டால் மிச்சமிருப்பது ஒரு பட்டத்துக்குக் காணாது. ஒடிகிறபோது ஒடியட்டும், எப்படி ஒடிகிறது என்றாவது தெரியட்டும் என்று அவள் அவற்றை மிஷினில் ஏற்றினாள்.

ஒரு நாள் பகலில் என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப் போனாள். பெரிய கூடம். ஆள் இல்லை. நடுவில் அந்த மிஷின் மட்டும் உம்மென்று ஒரே சுரத்தில் பாடிக்கொண்டிருந்தது. தகடு அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் நுனியால் மிஷினின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால், தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தது போல ஒரு துடிப்பு. பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம், முறுக்கு ஒடிகிறாற்போல. பாட்டு நின்றுவிட்டது. அவள் இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தாள். ஒடிந்த முகத்தில் ஓர் ஓரம் வழவழப்பாக, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி இருந்தது. கோடுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டிருந்தன. அந்த இடத்தில் கடுகுக்கும் சிறிய ஒரு குழி. "பாருங்க மைனி. ஒட்டுன இடம் அப்படியே நிக்கி. புளி தின்ன இடத்துல இருந்துதான் ஒடிஞ்சிருக்கு" என்றாள். முன்னால் சோதித்த நல்ல துண்டுகள் தாங்கின இழுப்புகளில் ஒரு சிறு பங்குகூட இது தாங்கவில்லை. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

ஆனால் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்பார்: "ஏட்டி, நான் தேச்சது ஒடிஞ்சிச்சா?" அவள், "இல்லம்மா, ஓடிக்கிட்டு இருக்கு" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பொய். அத்தை அதை வாங்கித் தெருவுக்குக் கொண்டுபோனார். பெருமையடிக்க வேண்டும் என்றில்லை. அந்த நாட்களில் அவருக்கு மகளைப் பற்றிப் பேச வாய் கிடைத்திருந்தது. பூக்காரி கேட்டாள், பால்காரர் கேட்டார். கொஞ்ச நாளில் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. புற்றுமண் பூசின தகடு ஒடியவே மாட்டேன் என்கிறதாம், மிஷினே மலைத்துப்போய் நிற்கிறதாம், வாத்தியாரெல்லாம் அதிசயப்பட்டுப் பேசிக்கொள்கிறார்களாம். ஒரு பெண் தன் மகனின் சைக்கிளைக் கொண்டுவந்து, "உங்க கையால ஒரு பொட்டு வச்சி விடுங்க ஆச்சி" என்றாள். அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே வைத்துவிட்டார். நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சைக்கிள்தானே என்று இருந்துவிட்டோம்.

தெருக்கோடியில் லோடு ஆட்டோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். குருவிகுளம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூ ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். போகும்போது பூ எடுக்கிற பெண்கள் பின்னால் உட்கார்ந்து போவார்கள். ஐப்பசி முகூர்த்த நேரம், பூவுக்கு நல்ல கிராக்கி. ஒரு நாள் சாயந்திரம் வண்டியை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆச்சி, ஒரு உபகாரம். வண்டிக்கு அடியில சேசிஸ்ல தலமயிரு கணக்கா ஒரு கோடு விழுந்திருக்கு. பட்டறைக்காரன் பிரிச்சிப் பாக்கணும், விட்டுட்டுப் போங்கான். முகூர்த்த நேரத்துல வண்டிய விட்டுட்டு நான் பூவத் தலையிலயா சுமக்க? அதான், அந்த மண்ண உங்க கையால அந்தக் கோட்டு மேல பூசி விட்டுட்டியள்னா, தை வரைக்கும் ஓட்டிருவேன்" என்றார்.

அத்தை உள்ளே போய்ப் புற்றுமண் டப்பாவை எடுத்துவிட்டார். நாத்தனார் அப்போதுதான் பஸ் இறங்கி வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு யாரெல்லாம் ஏறுதாங்க?"

"எல்லாம் எப்பவும் வாரவங்கதான். ஏம்மா?"

"ஏத்தாதீங்க. வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க."

"இது என்ன கூத்து! ஒங்கம்மா தேச்ச தகடு ஒடியவே மாட்டேங்குன்னு ஊரே சொல்லுது. எனக்குப் பூசுததுக்கு மட்டும் வலிக்கா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் மாடியில் அழுத அழுகை அத்தனையும் இருந்தது. பிறகு மெதுவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஒடிஞ்சிருச்சு அண்ணாச்சி. எல்லாமே ஒடிஞ்சிருச்சு. மத்ததெல்லாம் ஒடியுததுக்கு ரொம்ப முன்னாலயே ஒடிஞ்சிருச்சு. ஓடுதுன்னு நாந்தான் அம்மாட்ட பொய் சொன்னேன்."

அண்ணாச்சி, "நல்லா இருக்கு கதை! தாயும் மகளுமா சேந்து ஊர ஏச்சிருக்கிய" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தை டப்பாவைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

விளக்கேற்றிவிட்டு வந்து அத்தைதான் முதலில் பேசினார். "புளியாலயா, உப்பாலயா?" என்று கேட்டார். நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையிலிருந்து ஒடிந்த துண்டுகளை எடுத்து வந்தாள். பூதக்கண்ணாடியைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கடுகுக் குழியைக் காட்டினாள். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய விரல் அந்த வழவழப்பான இடத்தைத் தடவிற்று.

"இத்துனூண்டுதானா?"

"இத்துனூண்டுதான்மா. அது போதும்."

"அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

நாத்தனார் அழுதாள். அத்தை அழவில்லை. "சரி, இது எதுக்கும் ஆவாதா இனி?" என்று கேட்டார். புளியும் உப்பும் இந்த மாதிரி ஒட்டின தகட்டை எவ்வளவு கெடுக்கும் என்று எழுதலாம்தான், அதுவும் ஒரு விஷயம்தான், ஆனால் எப்படிக் கெட்டது என்று எழுத வேண்டியிருக்கும் என்று அவள் இழுத்தாள். "அப்ப எழுது. எங்கம்மா விவரமில்லாம விளக்கோட ஊறப்போட்டு நாரு வச்சித் தேச்சா, ஒடிஞ்சிச்சுன்னு எழுது. நடந்ததத்தானே எழுதுத?" என்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது.

பிறகு அவர் சாமி அறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்களிடம் சொல்கிறாரா அம்மனிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் பேசினார். "அம்மன் ஒடியாதுன்னு எனக்கு வாக்குக் குடுத்தாளா என்ன? நாந்தான் சொன்னேன். அவ பேரச் சொல்லி ஒருத்தன் விரிசல் விட்ட வண்டியில பொம்பளப் பிள்ளையள ஏத்திக்கிட்டுப் போனா, அந்தப் பழி யாருக்கு?"

காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை சேலையைத் திருத்திக்கொண்டு வெளியே வந்தார். முதலில் அண்ணாச்சி வீடு. வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். "தம்பி, பட்டறைக்குப் போறியா, இல்ல நான் இங்கனயே உக்காந்துக்கிடட்டா?" என்று கேட்டாராம். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்குப் போனார். அத்தை திரும்பி வரவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்கடுத்த வீடு. சைக்கிளுக்குப் பொட்டு வாங்கின பெண், பூக்காரி, பால்காரர், எதிர்வரிசை. யார் வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "ஒடியலன்னு சொன்னேன்லா? ஒடிஞ்சிருச்சு. என் கையாலதான் கெட்டுது. அத நம்பி எதையும் ஓட்டாதீங்க." சிலர் சிரித்தார்கள். சிலர், "அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஆச்சி, அம்மனுக்குக் கோவம் வந்துரும்" என்றார்கள். அத்தை, "பொய் சொன்னாத்தான் அவளுக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படி ஏறினார். ஒரு பெருமையை வாசல் வாசலாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போகிற அந்த மெலிந்த முதுகை நான் கோலப்பொடிக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். காலை வெயில் புகைமாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நடக்கிற தெரு எனக்கு ரொம்ப தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிந்தது.

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, வெளியே மயிர் மாதிரித் தெரிந்த கோடு உள்ளே வெகு தூரம் போயிருந்ததாம். அண்ணாச்சி அதை எங்களிடம் நேரில் சொல்லவில்லை. சில நாள் கழித்து ஒரு பந்து மல்லிகையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். விபரீதம் எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் போனதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அதனால்தானோ என்னவோ, தெருவில் அந்தப் பழைய கதையே நிலைத்துவிட்டது. நாத்தனார் கெடு நீட்டி வாங்கி, எல்லாவற்றையும் எழுதிப் பட்டம் வாங்கினாள். இப்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள்.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தியில் ஒரு உறவுக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த ஆச்சி கைப்பட்ட தகடு இருக்கே, மிஷினு எவ்வளவு இழுத்தும் ஒடியவே இல்லையாம். அப்படி ஒரு பக்தி." சாதம் பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனார் நின்று, "ஒடிஞ்சிருச்சு சித்தி. அம்மாவே சொன்னாவல்லா" என்றாள். அந்தப் பெண் அவளைப் பரிவோடு பார்த்து, துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்பது போலத் தலையை ஆட்டினாள். அடுக்களைக்கு வந்த நாத்தனார் வாளியை இறக்கி வைத்துவிட்டு, "மைனி, நீங்களாவது எழுதி வையுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எங்கள் அத்தைக்குக் கைராசி என்று ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். ஒன்றும் தெரியாதவர் என்று ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். புளியில் ஊறப்போட்டார். தேய்த்தார். அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டார். தகடுகள் ஒடிந்தன. ஒடிந்தன என்று தெரிந்ததும், தானே போய் வீடு வீடாகச் சொன்னார். இதில் எதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். முக்கியமாக, ஒடிந்ததை.